54 வயது, பிரிவின் கடைசி வருடம்: 55 ஆகும் வரை எப்படிப் பொறுப்பது?

வளைவு400:

வணக்கம். ஒன்பது வருடமாக மூத்தோர் தடகளத்தில் 400 மீட்டர் ஓடுகிறேன். இப்போது வயது 54. 55 ஆவதற்கு இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. என் பிரச்சினையே அந்தப் பதினொரு மாதம்தான்.

பிரிவின் கடைசி வருடம் எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்கும் தெரியும். பக்கத்துத் தடத்தில் நிற்பவருக்குப் போன மாதம்தான் 50 முடிந்திருக்கும். எனக்கும் அவருக்கும் நாலு வருட வித்தியாசம், ஆனால் 50 முதல் 54 வயது வரை ஒரே பிரிவு. முதல் வளைவு முடிவதற்குள் என்னைத் தாண்டிவிடுகிறார். 51 வயதில் என் நேரம் 61.4 வினாடி. போன சீசனில் 62.7. பயிற்சியைக் குறைக்கவில்லை, கூட்டித்தான் இருக்கிறேன். இந்த சீசனில் இரண்டாவது பந்தயத்தில் 250 மீட்டர் தாண்டியதும் இடது பின்தொடையில் சுரீரென்று பிடித்தது. மூன்று வாரம் ஓய்வெடுத்தேன். வலி போனது, ஓடினேன், மறுபடி பிடித்தது. இன்னும் மூன்று வாரம் ஓய்வு. மறுபடியும் அதே இடம்.

21 வயதில் இதே 400 மீட்டரை 50.2 வினாடியில் ஓடியவன் நான். ஸ்டாப்வாட்சை நிறுத்தும்போதெல்லாம் அந்த எண்தான் முதலில் கண்முன் வருகிறது. முன்பு பயிற்சி நாளில் அலாரம் அடிப்பதற்குள் எழுந்துவிடுவேன். இப்போது ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) பையைத் தூக்கவே மனம் வரவில்லை.

இந்த வருடத்தை அப்படியே விட்டுவிட்டு, காலை முழுதாக ஆறவிட்டு, 55 ஆனதும் புதிதாகத் தொடங்கலாமா? யாராவது அப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

தடைதாண்டி:

அண்ணா, தாராளமாக விடுங்கள். நான் 44 வயதில் ஒரு முழு சீசன் போட்டிக்கே போகவில்லை. வேலை, வீடு, எல்லாமே அப்போது நெருக்கடி. 45 ஆனதும் வந்தேன், முதல் போட்டியிலேயே மேடை ஏறினேன். ஓட வேண்டும் என்ற பசி திரும்பி வந்திருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் தோற்று வீடு திரும்பினால் அந்தப் பசி செத்துப்போகும். அதைவிடத் தள்ளி இருப்பதே மேல்.

குண்டுவட்டம்:

நான் காத்திருந்து பார்த்தவள். அதனால்தான் சொல்கிறேன், காத்திருக்காதீர்கள்.

குண்டு எறிதலில் பெண்களுக்கு 50 வயது ஆனதும் குண்டின் எடை 4 கிலோவிலிருந்து 3 கிலோவுக்கு இறங்கும். 49 வயது முழுக்க எனக்கு அந்த ஒரு கிலோ நினைப்புதான். இப்போது எறிந்து என்ன பயன், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று எறியும் வட்டத்துக்குள் கால் வைக்கவே இல்லை. ஜிம்மில் எடை மட்டும் தூக்கினேன். பிறந்த நாள் வந்தது. 3 கிலோவைக் கையில் வாங்கியதும் அவ்வளவு லேசாக இருந்தது, சந்தோஷத்தில் முதல் வாரமே முழு வேகத்தில் எறிந்தேன். முழங்கை போய்விட்டது.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. குண்டு எறிவதில் கால் முதலில், இடுப்பு அடுத்து, தோள், கடைசியாகத்தான் கை. கனம் குறைந்ததும் கை முந்திக்கொண்டு ஓடிவிடுகிறது. வட்டத்தில் ஒரு வருடம் நிற்காத உடம்புக்கு இந்த வரிசை மறந்து போயிருந்தது. என் 50 வயது முழுக்க பிசியோ அறையில் கழிந்தது. எந்த வருடத்துக்காகக் காத்திருந்தேனோ அதே வருடம்.

49இல் 4 கிலோவை எறிந்திருந்தால் கடைசி இடம்தான் கிடைத்திருக்கும். பரவாயில்லை, வட்டம் என் காலில் இருந்திருக்கும். இப்போது 52, நன்றாக எறிகிறேன், ஆனால் அந்த இரண்டு வருட வருத்தம் இன்னும் இருக்கிறது.

தசைநார்:

தொழில் பிசியோதெரபி, பொழுதுபோக்கு 200 மீட்டர். வயது 48.

வளைவு400 அண்ணா, நீங்கள் எழுதியதில் "வலி போனது, ஓடினேன்" என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். என்னிடம் வரும் மூத்த ஓட்டக்காரர்களில் பாதிப்பேர் இதையே சொல்கிறார்கள். வலி இல்லை என்றால் கிழிந்த இடம் மூடிவிட்டது என்று அர்த்தமாகலாம். முழு வேகத்தைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. பின்தொடைத் தசை பெரும்பாலும் கிழிவது, முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால். அந்த நொடியில் தசை நீண்டுகொண்டே காலைப் பிடித்து நிறுத்த வேண்டும். மூன்று வாரம் உட்கார்ந்திருந்த தசை இந்த வேலையை எங்கே கற்றுக்கொள்ளும்? உங்களுக்கு மூன்று முறையும் ஒரே இடத்தில் பிடித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அதற்குத் தேவை, நீளும்போது பலம் காட்டும் பயிற்சி. நோர்டிக் கர்ல் (முழங்காலில் நின்று, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை மெதுவாக முன்னால் இறக்குவது), ருமேனியன் டெட்லிஃப்ட் (எடையைப் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது), ஒற்றைக் கால் பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து, ஒரு காலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது). குறைந்த அளவில் தொடங்கி வாரம் இரண்டு நாள். வேகத்தையும் படிப்படியாக ஏற்றுங்கள். 60 மீட்டரை எழுபது சதவீத வேகத்தில் ஓடுங்கள். மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கும்போது கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். இரண்டு முறை அமைதியாக இருந்தால்தான் அடுத்த படி. ஒரு படி ஒத்துவரவில்லையென்றால் ஒரு படி கீழே இறங்கினால் போதும், அடிவாரத்துக்குப் போக வேண்டாம். வைத்தியரிடமும் ஒரு முறை காட்டிவிடுங்கள். மூன்று முறை பிடித்த இடத்தை யாராவது கையால் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு வருடம் விடுவதைப் பற்றி. வயதாகும்போது முதலில் சுருங்குவது வேகத் தசை இழைகள். மூத்த ஸ்பிரிண்டர்களை அளந்து பார்த்தால், ஒரு நொடிக்கு எத்தனை அடி வைக்கிறார்கள் என்பது அதிகம் மாறுவதில்லை. காலடியின் நீளம் குறைகிறது, பாதம் தரையில் தங்கும் நேரம் கூடுகிறது. அதாவது தரையைச் சட்டென்று தள்ளும் பலம் போகிறது. பலப் பயிற்சியும் வேக ஓட்டமும்தான் அதைப் பிடித்து வைக்கின்றன. 25 வயதில் ஒரு வருடம் விட்டால் சீக்கிரம் மீட்டுவிடலாம். 54இல் அந்தக் கணக்கு செல்லாது.

தடைதாண்டி:

எனக்கு அப்படி ஆகவில்லையே? ஒரு வருடம் விட்டு வந்து நன்றாகத்தானே ஓடினேன்.

தசைநார்:

அந்த வருடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

தடைதாண்டி:

வாரம் இரண்டு நாள் மேடு ஏறி ஓடுவேன், ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) விடவில்லை. ஞாயிறு கால்பந்து. சரி, புரிகிறது. நான் விட்டது பந்தயத்தை, பயிற்சியை அல்ல. அண்ணா, நான் மேலே சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்: வேண்டுமானால் பந்தயத்தை விடுங்கள், ஓட்டத்தை விடாதீர்கள்.

நாள்குறிப்பு:

யாரும் வயது மதிப்பீட்டைப் பற்றிப் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். உலக மூத்தோர் தடகள அமைப்பின் அட்டவணையில் ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனிக் காரணி இருக்கிறது. ஐந்து வருடப் பிரிவு அங்கே கிடையாது. 54 வயதுக்காரரை 54 என்றே அளக்கும், 50 வயதுக்காரரோடு சேர்த்துக் கட்டாது. உங்கள் நேரத்தை அந்த வயதுக்கு எதிர்பார்க்கக்கூடிய மிகச் சிறந்த நேரத்தோடு ஒப்பிட்டு ஒரு சதவீதம் தரும். 80ஐத் தாண்டினால் தேசியத் தரம், 90ஐத் தாண்டினால் உலகத் தரம் என்று சொல்வார்கள்.

51இல் 61.4, போன சீசனில் 62.7 என்றால் இடையில் 1.3 வினாடி. போட்டுப் பாருங்கள், சதவீதம் ஏறக்குறைய நகரவே இல்லை என்றுதான் வரும். நீங்கள் பின்வாங்கவில்லை, நின்ற இடத்தில் நிற்கிறீர்கள். இந்த வயதில் நின்ற இடத்தில் நிற்பதற்கே எவ்வளவு உழைப்பு வேண்டும்!

குண்டுவட்டம்:

எனக்கு அந்தச் சதவீதத்தின் மேல் பெரிய பற்று இல்லை. எதிரே எறிபவர் என்னைவிட அரை மீட்டர் தூரம் எறிந்தால் அவர்தான் ஜெயித்தார். வீட்டுக்கு வந்து அட்டவணையைப் பார்த்து என்னை நானே தேற்றிக்கொள்ள மாட்டேன். போட்டி என்றால் போட்டிதான்.

நாள்குறிப்பு:

பதக்கத்துக்கு அதைப் பார்க்கச் சொல்லவில்லை, அக்கா. பயிற்சி பலிக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான். வினாடியை மட்டும் பார்த்தால் நல்ல பயிற்சியும் கெட்ட பயிற்சி மாதிரித் தெரியும். அந்தத் தப்பான முடிவில் ஒருவர் பயிற்சியைக் கூட்டுவார், கூட்டினால் கால் கிழியும். வளைவு400 அண்ணாவுக்கு நடந்தது இதுதானோ என்று எனக்குச் சந்தேகம்.

வளைவு400:

நாள்குறிப்பு தம்பி, நேற்று இரவு போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, அரை சதவீதம்கூட மாறவில்லை. ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 53இல் நேரம் கூடுகிறதே என்ற பதற்றத்தில்தான் வாரத்தில் நாலாவது வேகப் பயிற்சி சேர்த்தேன். நீங்கள் சந்தேகப்பட்டது நடந்ததுதான்.

ஆனாலும் 50.2 என் தலையை விட்டுப் போகவில்லை. அதை எப்படி இறக்கி வைப்பது?

தாமதத்தொடக்கம்:

எனக்கு 58. ஓடத் தொடங்கியது 49இல். அதற்கு முன் பேருந்தைப் பிடிக்க ஓடியதோடு சரி. நான் எழுதுவது உங்களுக்கு உதவுமா தெரியவில்லை, ஆனால் 50.2 பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும்.

கனடாவின் ஓல்கா கொடெல்கோ 77 வயதில் தடகளத்துக்கு வந்தார், நம் நாட்டு மன் கவுர் 93இல். மன் கவுர் 2017இல் ஆக்லாந்தில் 101 வயதில் 100 மீட்டர் தங்கம் வாங்கினார். இவர்கள் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் நம்மை உற்சாகப்படுத்துகிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்கு இந்த உதாரணம் பொருந்தாது என்று நினைக்கிறேன். அவர்களுக்குப் பின்னால் பழைய நேரம் எதுவும் துரத்திக்கொண்டு வரவில்லை. எனக்கும் இல்லை. என் முதல் 100 மீட்டர் என் வாழ்க்கையிலேயே முதல் 100 மீட்டர். அடுத்தடுத்து ஓடியதெல்லாம் வளர்ச்சி. நீங்கள் ஒவ்வொரு முறையும் கோட்டுக்கு வரும்போது 21 வயதுப் பையன் ஒருவன் உங்களுக்கு முன்னாலேயே போய்க் காத்திருக்கிறான். நாங்கள் படாத கஷ்டம் அது. இளமையில் ஓடிய தோழி ஒருத்தி எனக்கு உண்டு, என்னைவிட எவ்வளவோ திறமைசாலி, ஆனால் என்னைவிட இரண்டு மடங்கு சீக்கிரம் மனம் தளர்ந்துபோகிறாள். அவளைப் பார்த்துத்தான் இதைப் புரிந்துகொண்டேன்.

அவள் கடைசியில் செய்தது இது. தன் இளமைக்கால தூரத்தை விட்டாள். அப்போது ஓடியது 400, இப்போது ஓடுவது 300 மீட்டர் தடை ஓட்டம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் எந்த வயதில் எந்தத் தூரம், தடை எவ்வளவு உயரம் என்பதெல்லாம் மாறுகிறது அல்லவா? அவளுக்கு அந்தத் தூரத்தில் பழைய நேரமே கிடையாது. சுத்தமான பக்கம். முதல் நாள் பயிற்சியில் நாலு தடை தாண்டிவிட்டு வந்து சிரித்தாள், அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

நான்காம்தடம்:

எல்லோரையும் வாசித்தேன். எனக்கு 71, இப்போதும் 800 மீட்டர். இந்த ஐந்து வருடப் படியை ஆறு முறை ஏறியிருக்கிறேன்.

வளைவு400 தம்பி, கனடாவின் நெடுந்தூர ஓட்டக்காரர் எட் விட்லாக்கை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 70 வயதைத் தாண்டிய ஒருவர் மராத்தானை மூன்று மணிக்குள் ஓடியதில்லை என்ற நிலை இருந்தபோது அவர் அதற்குக் குறி வைத்தார். 70இல் ஓடினார், 3 மணி 24 வினாடி. வெறும் 24 வினாடி! அதன் பிறகு முழங்கால் தொந்தரவு. 72 வயதில், 2003இல், 2:59:10 ஓடி முடித்தார். மறுவருடம் 73இல் 2:54:48. நான் இந்தக் கதையில் பார்ப்பது கடைசி எண்ணை அல்ல, நடுவில் இருக்கிற இரண்டு வருடத்தை. பிரிவின் முதல் வருடம்தான் நல்ல வருடம் என்று நாமெல்லாம் நம்புகிறோம். அவருடைய நல்ல வருடம் அந்தப் பிரிவின் நான்காவது வருடம்.

அவர் செய்த பயிற்சியும் அப்படித்தான். வீட்டுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் மெதுவாக, மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றி ஓடுவார். யாரும் பார்ப்பதில்லை, கைதட்டுவதில்லை.

தடைதாண்டி:

ஐயா, அவர் நெடுந்தூரக்காரர். மெதுவாக மூன்று மணி நேரம் ஓடினால் 400க்கு என்ன உதவும்?

நான்காம்தடம்:

உதவாது, தம்பி. அவர் பயிற்சியை எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. முழங்கால் திரும்பி வரும் வரை மனிதர் என்ன வேகத்தில் முடிந்ததோ அந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தார், அதைச் சொன்னேன்.

குறுந்தூரக்காரர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று. 60க்குப் பிறகு, இரண்டு கடின நாட்களுக்கு நடுவில் ஒரு நாள் எனக்குப் போதவில்லை. ஏழு நாள் வாரத்தை விட்டுவிட்டுப் பத்து நாளை ஒரு சுற்றாக வைத்துக்கொண்டேன். அதில் மூன்று கடின நாள், மீதி லேசான ஓட்டம், நடை, பலப் பயிற்சி. காலண்டர் ஏழு நாள் என்று சொல்வதால் உடம்பும் ஏழு நாளில் ஆற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இதைச் செய்ய எனக்கு மூன்று வருடம் பிடித்தது, ஏனென்றால் வெட்கமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை எல்லோரும் ஓடும்போது நான் மட்டும் நடப்பதா என்று. அந்த வெட்கத்துக்கு நான் கொடுத்த விலை இரண்டு கெண்டைக்கால் கிழிசல்.

இன்னொன்று, நெஞ்சு இறுக்கமோ, காரணமில்லாத படபடப்போ, தலைச்சுற்றலோ வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். இதில் மட்டும் பொறுமை வேண்டாம்.

வளைவு400:

ஐயா, வெட்கம் என்று நீங்கள் எழுதியதை வாசித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் குழுவில் நான்தான் மூத்தவன். எல்லோருக்கும் முன்னால் ஓடிக் காட்ட வேண்டும் என்றே இத்தனை வருடம் இருந்துவிட்டேன்.

முடிவு செய்துவிட்டேன். விடவில்லை. தசைநார் சொன்ன படிகளில் ஏறுகிறேன், உங்களைப் போல வாரத்தை விட்டுவிட்டுச் சுற்று, ஆனால் எனக்கு ஒன்பது நாள். அப்புறம் வந்து எழுதுகிறேன்.

நாள்குறிப்பு:

அண்ணா, நாட்குறிப்பில் நேரத்தை மட்டும் எழுதாதீர்கள். மறுநாள் காலை கால் எப்படி இருந்தது, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், இரண்டு வரி போதும். மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் எந்தப் பயிற்சிக்குப் பிறகு கால் முனகுகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

தாமதத்தொடக்கம்:

காத்திருக்கிறோம். போகும்போது ஸ்டாப்வாட்சை ஒரு மாதம் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள்.

வளைவு400 (ஐந்து மாதம் கழித்து):

மீண்டும் வணக்கம். எழுதுவதாகச் சொன்னேன் அல்லவா.

முதல் ஆறு வாரம் ரொம்பக் கடினம். எழுபது சதவீத வேகத்தில் 60 மீட்டர் ஓடிவிட்டு வீடு திரும்புவது எனக்கு அவமானமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. நோர்டிக் கர்ல் முதல் நாள் பாதி தூரம் இறங்குவதற்குள் கையை ஊன்றிவிட்டேன். இப்போது கிட்டத்தட்ட தரை வரை கட்டுப்பாட்டோடு இறங்குகிறேன். ஒன்பதாவது வாரம் ஒரு நாள் காலையில் லேசாக இறுக்கம் தெரிந்தது. பழைய நானாக இருந்தால் அன்றைக்கும் ஓடியிருப்பேன். ஒரு படி கீழே இறங்கினேன், நாலே நாளில் சரியாகிவிட்டது. அந்த நாலு நாளில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஸ்டாப்வாட்சை ஒரு மாதம் அல்ல, இரண்டு மாதம் எடுக்கவில்லை. அந்தக் காலத்தில் வளைவில் ஓடும்போது என் காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. இடது கால் வலதைவிடக் கனமாக விழுகிறது. இத்தனை வருடத்தில் அதை நான் கவனித்ததே இல்லை.

போன ஞாயிறு ஒரு சிறிய போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். எனக்கு இன்னும் 54தான். ஆறு பேரில் ஐந்தாவது. 63.1. முதல் 200 மீட்டரில் வேண்டுமென்றே அடக்கி ஓடினேன், கடைசி வளைவில் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன், கால் தாங்கியது. கோட்டைத் தாண்டி நின்றபோது முதலில் கை போனது பின்தொடைக்கு. வலி இல்லை. அப்புறம்தான் நேரப் பலகையைப் பார்த்தேன். அன்று 50.2 நினைவுக்கு வந்தது இரவு சாப்பிட்டு முடித்த பிறகுதான்.

குண்டுவட்டம் அக்கா, நாலாவது ஆளுக்கும் எனக்கும் 0.3 வினாடி. அவருக்கு 51 வயது. அடுத்த முறை அவரைப் பிடிக்க வேண்டும்.

குண்டுவட்டம்:

பிடியுங்கள்! 55 ஆவதற்குள் பிடியுங்கள், அப்புறம் அவர் உங்கள் பிரிவில் இருக்க மாட்டார்.

தசைநார்:

மறுநாள் காலை கால் எப்படி இருந்தது, அண்ணா?

வளைவு400:

அமைதியாக இருந்தது. இரண்டாம் நாளும். நாளைக்கு மூன்று முறை 150 மீட்டர்.